பெருக்கியா, ஹெட்போனா: முதற் செலவு எதற்கு?

இசை கேட்பதிலே விருப்பம் உள்ளவர் கையிற் பணம் குறைவாக இருப்பது உலக வழக்கம். விருப்பம் ஆண்டுதோறும் வளரும். வருமானமோ பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, எந்தக் கருவியை முதலில் வாங்குவது, எதனைப் பின்னொரு காலத்துக்கு ஒதுக்கி வைப்பது என்று தீர்மானிப்பது எளிய காரியம் அன்று.

கொழும்பிலே வாடகை அறையொன்றில் வேறு இருவரோடு தங்கி வேலைபார்க்கும் ஓர் இளைஞனை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பகல் முழுவதும் அலுவலகம், பிரயாணம். இரவு பத்து மணிக்குப் பின்னரே அவனுக்கென்று சிறிது நேரம் கிடைக்கிறது. அந்நேரத்தில் அறைத் தோழர்கள் உறங்கிவிடுகின்றனர். அவர்களது உறக்கத்தைக் கெடுக்காமல், தன் கைத்தொலைபேசியிலே ஒரு நாதஸ்வரக் கச்சேரியையோ பழைய வானொலி நாடகத்தையோ கேட்க அவன் விரும்புகிறான். மலிவாக வாங்கிய சிறு காதுக்கருவியில் தவிலின் முழக்கம் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கிறது. ஆகவே ஆறு மாதமாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கிறான். சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு புறப்படும்போது நண்பர் ஒருவர், "பெருக்கி ஒன்று வாங்கு, உன்னிடம் உள்ள கருவியே நன்றாகப் பாடும்" என்கிறார். மற்றொருவர், "பெருக்கி எதற்கு? நல்ல ஹெட்போன் வாங்கு" என்கிறார். இரண்டையும் வாங்கப் பணம் போதாது. அவன் யார் சொல்லைக் கேட்பது?

இது அற்ப விடயம் என்று ஒதுக்கத் தக்கதன்று. இவ்விரு பொருள்களும் நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வருபவை. 2022ஆம் ஆண்டிலே இலங்கை ரூபா சரிந்தபோது, ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா என்றிருந்த விலை சில மாதங்களுள்ளே ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. இறக்குமதிப் பொருள் ஒன்றைப் பிழையாக வாங்கியவர் அதை மாற்றி இன்னொன்று வாங்குவது எவ்வளவு கடினம் என்பதைப் பல குடும்பங்கள் அப்போது உணர்ந்தன. அதனிலும் பெரிதான காரணம் ஒன்று உண்டு. இந்தத் தெரிவு பணப்பையோடு நின்றுவிடுவதில்லை, காதையும் தொடுகிறது. அதனைப் பின்னர் காணலாம்.

முதலில் இவ்விரு கருவிகளும் செய்யும் தொழில் யாது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஹெட்போன் என்பது மின்சைகையை ஒலியாக மாற்றும் கருவி. அதனுள்ளே ஒரு காந்தமும், மெல்லிய கம்பிச் சுருளும், அச்சுருளோடு ஒட்டிய மென்றகடும் இருக்கின்றன. பாட்டின் ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்ப மின்னோட்டம் சுருளிற் பாயும்போது, காந்தத்தின் முன்னே சுருள் அசைகிறது. அதனோடு தகடும் அசைகிறது. தகட்டின் அசைவு காற்றை அசைக்கக் காது அதனை ஒலியாக உணர்கிறது. பாடகரின் குரல் இனிமையாகக் கேட்குமா, தம்புராவின் சுருதி நிறைவாகக் கேட்குமா என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தத் தகடும், அதனைச் சூழ்ந்த கூடும், காதோடு அது பொருந்தும் விதமுமே ஆகும்.

பெருக்கி, அதாவது அம்பிளிபயர் என்பது வேறு. திருவிழாவிலே மரத்திற் கட்டும் குழாய் ஒலிபெருக்கி இங்கே கருதப்படவில்லை. ஹெட்போனுக்கென அமைந்த பெருக்கி உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. வருகின்ற மின்சைகையின் வடிவத்தை மாற்றாமல், அதன் வலுவை மாத்திரம் கூட்டிக் கொடுப்பதே அதன் கடமை. நல்ல பெருக்கிக்கு இலக்கணமும் அதுவே: தன்னுடைய குணம் எதனையும் பாட்டிலே சேர்க்காதிருத்தல். ஆகவே குணத்தைத் தருவது ஹெட்போன். வலுவைத் தருவது பெருக்கி. வலுக் குறைந்த இடத்தில் வலுவைக் கூட்டினாற் பயன் உண்டு. குணம் குறைந்த இடத்தில் வலுவைக் கூட்டினால், அந்தக் குறையே பெரிதாகக் கேட்கும். சில்லுக் கோணிய வண்டிக்கு இரட்டை மாடு பூட்டினாலும் வண்டி நேராக ஓடுமா?

அப்படியாயின் பெருக்கி என்னும் தனிப்பெட்டி ஏன் தோன்றியது? இதற்கு விடைகாண ஹெட்போனின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின் என்பவர் 1910ஆம் ஆண்டிலே தாம் செய்த தலைக் கருவியை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையினர் அதனைச் சோதித்து, மேலும் வேண்டுமென்று கேட்டனர். அவரோ அக்கருவிகளைத் தம் வீட்டுச் சமையலறையிலே செய்துகொண்டிருந்தார். கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய சைகைகளைக் கேட்பதற்கு அக்காலத்தில் இத்தகைய கருவிகளே துணை நின்றன.

அதன்பின் வானொலி பிறந்தது. கொழும்பிலே 1925ஆம் ஆண்டு ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பமாயிற்று. அந்தக் காலத்தில் உலகெங்கும் எளிய மக்கள் கையாண்ட வானொலி, 'கிறிஸ்டல் செட்' என்ற பளிங்கு வானொலியே. அதற்குப் பற்றரியும் இல்லை, மின்னிணைப்பும் இல்லை. வானிலே தொங்கும் கம்பியில் வந்து படியும் அலையின் சிறு சக்தி ஒன்றே ஹெட்போனின் தகட்டை அசைத்தது. கேட்பவர் காதிலே பேச்சும் பாட்டும் தெளிவாக விழுந்தன. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று: காதுக்கு அருகே வைத்துக் கேட்கும் கருவி ஒலிப்பதற்கு மிகமிகச் சிறிய சக்தியே போதும்.

பிற்காலத்தில் ஹெட்போன்கள் இரு குடும்பங்களாகப் பிரிந்தன. ஒன்று, ஒலிப்பதிவு நிலையத்துக்கும் வீட்டு மேசைக்கும் உரிய குடும்பம். ஜேர்மனியிலே, பேர்லின் நகரில் ஓய்கன் பாயர் என்பவர் நிறுவிய கொம்பனி 1937இல் டீ.ரீ. 48 என்ற ஹெட்போனை வெளியிட்டது. மேலே கூறிய கம்பிச் சுருள் முறையை ஹெட்போனுக்குக் கொணர்ந்து வழிகாட்டியது அதுவே. அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஜோன் கொஸ் என்பவர் 1958இல் இசைத்தட்டை இருகாதிலும் தனித்தனியே கேட்பதற்கான ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகஞ் செய்தார். 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் கொம்பனி எச்.டீ. 414 என்னும் மென்மையான, திறந்த அமைப்புள்ள ஹெட்போனை வெளியிட்டது. அதன் மின்தடை 2000 ஓம். மின்னிணைப்போடு மேசைமீது அமர்ந்திருக்கும் பெரிய கருவிகளோடு பூட்டுவதற்கென அமைந்தமையால், அவ்வளவு தடை அதற்கு ஒரு குறையாகவில்லை.

மற்றது, நடந்து திரிபவர்க்கு உரிய குடும்பம். 1979ஆம் ஆண்டு யூலை மாதம் யப்பானின் சோனி கொம்பனி வோக்மன் என்ற சிறிய ஒலிநாடாக் கருவியை விற்பனைக்கு விட்டது. இரண்டு சிறு பற்றரிகளில் இயங்கும் அக்கருவியோடு, அதற்கேற்ற இலேசான ஹெட்போன் ஒன்றும் வந்தது. சிறிய பற்றரி தரக்கூடிய குறைந்த வலுவிலேயே நன்கு ஒலிக்குமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. 1984இல் கொஸ் கொம்பனி வெளியிட்ட போர்ட்டா புரோ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 60 ஓம் தடையுள்ள அது சிறிய கருவிகளோடும் நன்கு இயங்குவது. வெளிவந்து நாற்பது ஆண்டுகள் கடந்தும் விரும்பி வாங்கப்படுவது.

தனிப் பெருக்கி எதற்கு என்பது இப்போது விளங்கும். மேசைக் குடும்பத்து ஹெட்போனை நடைக் குடும்பத்துக் கருவியோடு பூட்ட முயலும்போது வலுப் போதாமல் ஒலி தாழ்ந்து கேட்கலாம். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே பெருக்கி. நடைக் குடும்பத்து ஹெட்போனை நடைக் கருவியோடு பூட்டுபவர்க்கு அந்த இடைவெளி இல்லை. இல்லாத இடைவெளிக்குப் பாலம் கட்ட யாரும் பணம் செலவிட வேண்டியதில்லை.

இதனைக் கடைக்காரர் சொல்லையோ நண்பர் சொல்லையோ நம்பாமல் கணக்காலேயே அறிந்துகொள்ளலாம். ஹெட்போன் பெட்டியின் மேல் பெரும்பாலும் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று ஓம் என்ற தடை. மற்றது டெசிபெல் என்ற அளவில் தரப்படும் உணர்திறன். ஒரு மில்லிவாற்று, அதாவது ஒரு வாற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு வலுவைக் கொடுத்தால் எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பதையே இரண்டாவது எண் குறிக்கிறது.

தடை 32 ஓம், உணர்திறன் 100 டெசிபெல் என்று ஒரு பெட்டியிற் காணப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். டெசிபெல் கணக்கின் விதி இது: பத்து டெசிபெல் கூட வேண்டுமாயின் வலு பத்து மடங்காக வேண்டும், பத்து டெசிபெல் குறைய வேண்டுமாயின் வலு பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். 80 டெசிபெல் என்பது நெடுநேரம் கேட்பவர் தாண்டக் கூடாத உரப்பு. 100இலிருந்து 80க்கு இறங்க இருபது டெசிபெல். ஆகவே வேண்டிய வலு ஒரு மில்லிவாற்றின் நூறில் ஒரு பங்கு! இடையே தவிலும் மிருதங்கமும் ஓங்கி ஒலிக்கும் கணங்களில், சராசரியிலும் இருபது டெசிபெல் உயர்ந்தால், அந்தக் கணத்துக்கு வேண்டியது ஒரு மில்லிவாற்று. சாதாரணக் கைத்தொலைபேசி அரை வோல்ற்று அளவு தந்தாலே 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறக்குறைய எட்டு மில்லிவாற்று கிடைத்துவிடும். தேவைக்கு எட்டு மடங்கு வலு முன்னரே கையில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு பெருக்கி எதனைப் பெருக்கப்போகிறது?

இனி மேசைக் குடும்பத்தைப் பார்க்கலாம். 300 ஓம் தடையும் 97 டெசிபெல் உணர்திறனும் உள்ள ஒரு ஹெட்போனுக்கு அதே அரை வோல்ற்றைக் கொடுத்தால், ஒரு மில்லிவாற்றுக்கும் குறைந்த வலுவே அதிற் சேரும். உச்ச ஒலி 96 டெசிபெல் அளவில் நின்றுவிடும். மெல்லிய பகுதிகள் கேட்கும். ஓங்கி எழவேண்டிய இடத்தில் ஒலி எழாது. ஒரு வோல்ற்று தரும் கருவியாயின் 102 டெசிபெல் வரை செல்லும். அது மட்டாகப் போதும். இரண்டு வோல்ற்று தரும் பெருக்கியைச் சேர்த்தால் 108 டெசிபெல் வரை இடம் கிடைக்கும். இத்தகைய ஹெட்போன் வைத்திருப்பவர்க்கே பெருக்கி உண்மையான துணையாகிறது.

ஓம், வோல்ற்று என்ற சொற்கள் கடினமாகத் தோன்றினால் தோட்டத்து நீரை நினைத்துக்கொள்ளலாம். வோல்ற்று என்பது நீர்த்தொட்டி நிற்கும் உயரம். ஓம் என்பது குழாயின் ஒடுக்கம். ஒடுங்கிய குழாயினூடாக நீர் வேகமாகப் பாயத் தொட்டி உயரத்தில் இருக்க வேண்டும். அகன்ற குழாய்க்குத் தொட்டி தாழ்ந்திருப்பினும் பாதகமில்லை, ஆனால் தொட்டியில் நீர் நிறைய இருக்க வேண்டும். ஆகவே ஓம் குறைவு என்ற ஒன்றை மாத்திரம் பார்த்து, எளிதாக ஒலிக்கும் என்று முடிவு செய்தல் பிழை. ஓம் குறைந்தும் உணர்திறன் 90 டெசிபெல் அளவே உள்ள ஹெட்போன்கள் உண்டு. மேற்கூறிய உச்ச ஒலிக்கு அவை பத்து மடங்கு வலுவைக் கேட்கும். இரண்டு எண்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சில கொம்பனிகள் உணர்திறனை ஒரு மில்லிவாற்றுக்கு என்று தருவதற்குப் பதிலாக ஒரு வோல்ற்றுக்கு என்று தருகின்றன. 32 ஓம் கருவியில் இந்த இரண்டாவது முறை ஏறக்குறைய பதினைந்து டெசிபெல் கூடுதலாகக் காட்டும். ஆகவே இரு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், பெருக்கியைச் சேர்த்தவுடன் பாட்டு மெருகேறியதாகப் பலர் சொல்வது ஏன்? அவர்கள் பொய் சொல்லவில்லை. காதின் இயல்பு அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்குகிறது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த சுருதிகளைக் குறைவாகவே உணர்கிறது. ஒலி உரக்கும்போது அதே தாழ்ந்த சுருதிகள் நிறைவாகக் கேட்கின்றன. பெருக்கியைப் பூட்டும்போது ஒலி சற்றே உரத்துவிடுகிறது. தவிலும் தம்புராவும் நிறைந்து கேட்கின்றன. கேட்பவர் அதனைப் பெருக்கியின் சிறப்பு என்று எண்ணுகிறார். உண்மையில் தொலைபேசியின் ஒலியைச் சிறிது கூட்டியிருந்தாலும் அதே நிறைவு கிடைத்திருக்கும். ஆகவே பெருக்கியைச் சோதிப்பவர், பெருக்கியோடும் பெருக்கியின்றியும் ஒலி ஒரே உரப்பில் இருக்குமாறு சரிசெய்த பின்னரே ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிட்டால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டு வெவ்வேறு ஹெட்போன்களை அதே முறையில் ஒப்பிட்டாலோ, வேறுபாடு எவருக்கும் முதற் பாட்டிலேயே புலப்படும். 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்பது பழமொழி. இங்கே சட்டி ஹெட்போன், அகப்பைதான் பெருக்கி.

ஆகவே குறைந்த பணமுள்ளவர் அதன் பெரும்பகுதியை ஹெட்போனிலே செலவிடுதல் முறை. அதுவும் தம்மிடம் உள்ள சிறு கருவியே இயக்கக்கூடிய, நடைக் குடும்பத்து ஹெட்போனாக இருத்தல் வேண்டும்.

அதனைத் தெரிந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள. ஹெட்போன் திறந்ததா, மூடியதா என்பது முதலாவது. திறந்தது காற்றோட்டமாகவும் இயல்பாகவும் ஒலிக்கும். ஆனால் ஒலி வெளியே கசியும். தனி வீட்டில் இருப்பவர்க்கு அது நன்று. மேலே கண்ட இளைஞன் அதை அணிந்தால், நள்ளிரவில் அறைத் தோழரும் கச்சேரி கேட்க நேரிடும். அவனுக்கு உகந்தது மூடியது. பேருந்திற் செல்பவர்க்கும் மூடியதே நன்று. வெளி இரைச்சல் குறைவதனால் குறைந்த ஒலியிலேயே பாட்டைக் கேட்கலாம். ஆயினும் வீதியைக் கடக்கும்போதும் புகையிரதப் பாதையருகே நடக்கும்போதும் அதனைக் கழற்றிவிடுதல் உயிருக்குக் காவல்.

அடுத்தது, தலைக்கும் காதுக்கும் பொருந்துதல். கடையிலே ஒரு நிமிடம் அணிந்து பார்ப்பது போதாது. பதினைந்து நிமிடமாவது அணிந்திருக்க வேண்டும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு அணிந்து பார்க்க வேண்டும். தாம் பலமுறை கேட்டுப் பழகிய ஒரு பாட்டையே சோதனைக்கு எடுத்துக்கொண்டு, அதனைத் தாழ்ந்த ஒலியிலே கேட்க வேண்டும். தாழ்ந்த ஒலியிலும் பாடகரின் சொற்கள் தெளிவாக விளங்கினால் அது நல்ல கருவி. உரக்க வைத்தால் மாத்திரமே நன்றாகத் தோன்றும் கருவி வேண்டியதில்லை. காதுமெத்தையும் கம்பியும் தேய்ந்தால் மாற்றக்கூடியனவா என்பதையும் விசாரித்தல் நன்று. ஐந்து ரூபாத் துண்டளவு பழுதுக்காக முழுக் கருவியையும் எறிய நேரிடுவது சிக்கனம் ஆகாது. உத்தரவாதத்தை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்திலே பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

புளூடூத் என்னும் கம்பியில்லா ஹெட்போன் வாங்க எண்ணுவோர்க்கு இந்த வினாவே எழுவதில்லை. அதனுள்ளே பெருக்கியும் பற்றரியும் முன்னரே அடங்கியுள்ளன. கம்பியின்றிக் கேட்கும்வரை வெளிப் பெருக்கிக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் பற்றரிக்கு ஆயுள் உண்டு. அதனை மாற்ற இயலாத அமைப்பாயின், பற்றரி தளரும் நாளிலே நல்ல கருவியும் பயனற்றுப் போகும். கம்பியுள்ள கருவிக்கு இந்தக் குறை இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 2016ஆம் ஆண்டிலே அப்பிள் கொம்பனி வெளியிட்ட ஐபோன் 7 இல் ஹெட்போன் செருகும் வட்டத் துவாரம் நீக்கப்பட்டது. பின்னர் வேறு பல கொம்பனிகளும் அவ்வழியைப் பின்பற்றின. அத்தகைய தொலைபேசி வைத்திருப்பவர் கம்பியுள்ள ஹெட்போனை எங்ஙனம் பூட்டுவது? அதற்கு விரல் நீளமுள்ள சிறிய இணைப்புக் கம்பி கிடைக்கிறது. எண்களாக வரும் பாட்டை மின்சைகையாக மாற்றும் உறுப்பும், ஒரு சிறு பெருக்கியும் அதனுள்ளே அடங்கியுள்ளன. நடைக் குடும்பத்து ஹெட்போனுக்கு அதுவே போதுமான பெருக்கி. ஆயினும் மாற்றும் உறுப்பு இல்லாத வெறும் கம்பிகளும் விற்கப்படுகின்றன. அவை எல்லாத் தொலைபேசிகளோடும் இயங்கா. தமது தொலைபேசியிற் பூட்டிக் கேட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

அப்படியாயின் பெருக்கி எப்போது வேண்டும்? மூன்று அடையாளங்களால் அறியலாம். அமைதியான அறையிலே, ஒலியை உச்சத்துக்குக் கூட்டியும் பாட்டுப் போதியவாறு கேட்கவில்லையாயின், அது முதல் அடையாளம். பழைய கச்சேரிப் பதிவுகள் சில இயல்பாகவே தாழ்ந்த ஒலியிற் பதிவானவை. ஆதலால் ஒரு பதிவை மாத்திரம் வைத்து முடிவு செய்யலாகாது. மேசைக் கணினியிற் பூட்டும்போது பாட்டின் பின்னே 'உம்' என்ற ஓசையோ இரைச்சலோ கேட்குமாயின், அது இரண்டாவது. இதற்குக் கணினிக்கு வெளியே அமையும் மாற்றுக் கருவி பரிகாரமாகும். மூன்றாவது, ஒரே ஹெட்போன் ஒரு கருவியிற் பூட்டும்போது ஒரு குணமாகவும் மற்றொன்றிற் பூட்டும்போது வேறு குணமாகவும் ஒலித்தல். ஒலி தரும் கருவியின் வெளியீட்டுத் தடை, ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் வரை ஏற்கத்தக்கது. அதனிலும் கூடிய தடையுள்ள கருவி சில ஹெட்போன்களின் குணத்தைத் திரித்துவிடும். இந்த மூன்றும் இல்லாதவர்க்குப் பெருக்கி வேண்டியதில்லை.

இனி, காதைப் பற்றிய செய்தி. மனிதனின் உட்செவியிலே நத்தை ஓடு போலச் சுருண்ட சிறு உறுப்பு ஒன்று உண்டு. ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000 அதனுள்ளே வரிசையாக அமைந்திருக்கின்றன. பேரொலியால் அவை அழிந்தால் மனித உடலில் மீண்டும் முளைப்பதில்லை. மென்றகடு கிழிந்தால் புதிய ஹெட்போன் வாங்கலாம். இந்தக் கலங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவுப்படி, வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரமும், சிறுவர் 75 டெசிபெல் ஒலியை அதே 40 மணி நேரமும் கேட்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. 83இல் இருபது மணி. 86இல் பத்து மணி. 89இல் ஐந்து மணி. 100 டெசிபெல் அளவிலே ஒரு வாரம் முழுமைக்கும் அரைமணிக்குக் குறைந்த நேரமே மிஞ்சும். பன்னிரண்டு முதல் முப்பத்தைந்து வயதுவரை உள்ளோரில் நூறு கோடிக்கு மேற்பட்டோர், உரத்த இசையால் செவிப்புலனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. 2020இலே பாடசாலைகள் மூடப்பட்டபோது மாணவர் பலர் காதுக்கருவிகளின் ஊடாகவே பாடங்களைக் கேட்டனர். அப்பழக்கம் பின்னரும் பலரை விட்டு நீங்கவில்லை. ஆகவே இது பெற்றோரும் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி.

தேவையற்ற பெருக்கியின் கேடு இங்கேதான் வெளிப்படுகிறது. தொலைபேசியின் ஒலியை உச்ச அளவில் நூற்றுக்கு அறுபது வீதத்துக்கு மேற்படாமல் வைத்துக் கேட்குமாறு நிபுணர்கள் கூறுகின்றனர். புதிய தொலைபேசிகள் சில, ஒலி அளவு மீறினால் எச்சரிக்கையும் காட்டுகின்றன. ஆனால் இடையே ஒரு பெருக்கியைப் பூட்டிவிட்டால், அதன் திருகு எங்கே நிற்கிறது என்பதைத் தொலைபேசி அறியாது. அறுபது வீதம் என்ற கணக்கும் பொருளற்றுப் போகும். நூறு டெசிபெல் உணர்திறன் உள்ள நடைக் குடும்பத்து ஹெட்போனுக்கு ஒரு பெருக்கி நூறு மில்லிவாற்று கொடுத்தால், ஒலி 120 டெசிபெல் ஆகிவிடும். அது காதைக் குத்தும் அளவு. கை தவறித் திருகைத் திருப்பும் ஒரு கணமே தீங்கு செய்யப் போதும்.

ஹெட்போன் அணிந்திருப்பவர்க்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஒருவர் சாதாரணமாகப் பேசும் குரல் சிறிதும் கேட்கவில்லையாயின், ஒலி மிகுந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கழற்றிய பின் காதிலே 'ஙொய்' என்ற இரைச்சல் எழுந்தால், அது காது விடுக்கும் எச்சரிக்கை. அன்று மேலும் கேளாது ஓய்வு கொடுத்தலே அறிவுடைமை.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னர் அந்த இளைஞன் செய்யத்தக்கது யாது? தன் சேமிப்பைப் பத்துப் பங்காக வைத்து, எட்டுப் பங்கில் மூடிய அமைப்புள்ள, குறைந்த வலுவில் ஒலிக்கும், காதுமெத்தை மாற்றக்கூடிய ஒரு ஹெட்போனை வாங்கலாம். தொலைபேசியில் வட்டத் துவாரம் இல்லையாயின் ஒரு பங்கில் சிறிய இணைப்புக் கம்பியை வாங்கலாம். எஞ்சிய பங்கைப் பின்னாளில் மாற்றவேண்டிய காதுமெத்தைக்காக வைத்துக்கொள்ளலாம். தொலைபேசியிலேயே தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் கூட்டிக் குறைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. அதற்குத் தனிச் செலவு இல்லை. ஒரு மாதம் இவ்வாறு கேட்டுப் பார்க்கட்டும். மேற்சொன்ன மூன்று அடையாளங்களுள் ஒன்றேனும் தோன்றினால் அப்போது பெருக்கியைப் பற்றி ஆலோசிக்கலாம். தோன்றாவிட்டால் அந்தப் பணம் அவனுடையதே.

இரவு பத்து மணிக்குப் பின், உறங்கும் தோழரின் அருகே இருந்து, தாழ்ந்த ஒலியிலே தவிலின் ஒவ்வொரு சொல்லையும் அவன் பிரித்துக் கேட்கக் கூடுமாயின் பணம் நல்வழியிற் செலவாயிற்று என்று கொள்ளலாம். இன்னும் நாற்பது ஆண்டு கழித்து, தன் பேரப்பிள்ளை மெல்லப் பேசுவதையும் அவன் தெளிவாகக் கேட்கக் கூடுமாயின், அந்தத் தெரிவு முற்றிலும் சரியே.